கடிக்கும் முன் ஒரு சொல்

இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனபோது, அந்த வகுப்பை இனி யார் பார்ப்பது என்ற கேள்வி எங்கள் தலைமை ஆசிரியையின் அறையில் எழுந்தது. அப்போது அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். அதனால் அது கேள்வியாக நெடுநேரம் நிற்கவில்லை.

அதுவரை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவன் நான். எங்கள் பள்ளி சேத்தூரைத் தாண்டி, வயல்களை ஒட்டி இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தினமும் போய் வருவேன். பெரிய பிள்ளைகளிடம் எனக்கு ஒரு பேர் உண்டு. வராந்தாவில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். இரண்டாம் வகுப்புக்கும் முதல் நாள் அதே செருப்போடுதான் நுழைந்தேன். ஒருத்தன் எழுந்து வந்து என் முகத்தை அண்ணாந்து பார்த்து, மீசையில் வெள்ளை முடி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். இன்னொருத்தி தன் வீட்டு ஆடு குட்டி போட்டதைச் சொன்னாள். மூன்றாவதாக வந்தவன் காலையிலிருந்து தனக்கு வயிற்றால் போவதாகச் சொன்னான். யாரும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த மாதமே ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்ன வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பிள்ளைகள் தங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று அறிந்து அதைச் சொல்லப் பழகுவது, அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது, சண்டை வந்தால் அடித்துக்கொள்ளாமல் தீர்த்துக்கொள்வது, இதையெல்லாம் வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதுதான் பொருள். பழக்கதோஷத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பயிற்சி தந்தவர் ஓர் இளம் பெண். ஒவ்வொருவரும் இந்த நிமிடம் தனக்கு எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும், ஆனால் "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது என்றார். என் முறை வந்தபோது உள்ளே தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. புழுக்கமாக இருக்கிறது என்றேன். அவர் சிரித்தபடி, அது ஃபேனைப் பற்றிய தகவல் சார், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்.

பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் முகத்தில் ஓர் உணர்வைக் காட்ட, மற்றவர் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம். எதிரே இருந்தவர் மடவார் வளாகத்துப் பள்ளியிலிருந்து வந்த டீச்சர். என்னையே உற்றுப் பார்த்தவர், மிகுந்த அனுதாபத்தோடு, "பல்லு வலியா சார்?" என்று கேட்டார்.

திரும்பும்போது பால்கோவா வாங்கிக்கொண்டேன். வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவள். அந்த டீச்சர் கேட்டதில் தப்பே இல்லை என்று சிரித்தாள். எங்கள் கல்யாண போட்டோவில் நான் பரீட்சை ஹாலுக்குள் போகிறவனைப் போல நிற்பதை எடுத்துக்காட்டினாள். சிரித்து முடித்த பிறகு உருப்படியாக ஒன்று சொன்னாள்.

"மொதல்ல பிள்ளைகளோட தரையில உக்காருங்க. நின்னுக்கிட்டே பேசினா அதுகளுக்கு ஒங்க முழங்காலுதான் தெரியும்."

மறுநாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கோம் சார்" என்று ராகம் போட்டுச் சேர்ந்து சொன்னார்கள். அப்படிச் சொல்லக் கூடாது என்றதும் திகைத்துப் போனார்கள். நானும் அப்படித்தான் திகைத்தேன் என்பதால் அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வந்தது. முதலில் நானே சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன். காலையில் பஸ்ஸை விட்டுவிட்டதால் எரிச்சலாக இருந்தது, இப்போது உங்களோடு உட்கார்ந்ததும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது என்றேன். சாருக்குக் கூச்சமா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோவம், பயம், வெக்கம் என்று பேர் தெரிந்தவை முதலில் வந்தன. பிறகு பேர் தெரியாதவையும் வர ஆரம்பித்தன. வாய் ஓயாத பையன் ஒருத்தன் கை தூக்கினான்.

"சார், ராத்திரி நல்லா மழ பெய்யும். காலைல லீவு விட்டுருவாவன்னு நெனப்போம். பொறவு லீவு இல்லன்னு சொல்லிருவாவ. அப்போ ஒண்ணு வருமே, அதுக்குப் பேரு என்ன சார்?"

ஏமாற்றம் என்றேன். இத்தனை நாளாகத் தனக்குள் இருந்த ஒன்றுக்குப் பேர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு அந்தச் சொல்தான். பென்சில் முனை ஒடிந்தால் ஏமாற்றம், காலை உணவுக்குப் பொங்கல் என்று நினைத்து உப்புமா வந்தால் ஏமாற்றம்.

அந்த வட்டத்தில் ஒருத்தி மட்டும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பிலேயே உருவத்தில் சிறியவள். எண்ணெய் வைத்துப் பின்னிய இரட்டைச் சடையில் ஒரு ரிப்பன் எப்போதும் அவிழ்ந்தே இருக்கும். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கேட்டால் தரையைப் பார்ப்பாள். அவள் பேசாததற்கும் சேர்த்து அவளுடைய மற்றப் பற்கள் பேசும். அழிரப்பரை யாராவது எடுத்தால், சிலேட்டைத் தொட்டால், ஒரு வார்த்தை இல்லாமல் குனிந்து கடித்துவிடுவாள். ஒன்றாம் வகுப்பிலேயே பாதிப் பேரைக் கடித்து முடித்திருந்தாள். முள்செடியை ஒதுங்கிப் போவதுபோல, அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் பிள்ளைகள் உட்காருவார்கள்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு வரிசையில், அதே வாய் ஓயாத பையன் அவளுக்குப் பின்னால் நின்றான். சும்மா இருக்க முடியாமல் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் திரும்பிய வேகத்தைப் பார்த்து நடுவில் கையை நீட்டினேன். கடி என் மணிக்கட்டில் விழுந்தது. யார் கடித்தது என்று விசாரிக்கவே தேவையில்லை. தடத்தின் நடுவில் இரண்டு பல் இல்லாத இடைவெளி சுத்தமாகப் பதிந்திருந்தது.

சாயங்காலம் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துக் கடையில் கையை நீட்டினேன். கடைக்காரர் என்ன கடி, நாயா என்று கேட்டார். இல்லை, இரண்டாம் வகுப்பு என்றேன். எங்கள் ஊர் நாய்களுக்குப் பேர் போனது. ஆனாலும் அப்படி ஒரு ஜாதியை அவர் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. தடத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மருந்து எடுக்கத் திரும்பினார்.

அடுத்த நாள் அவளுடைய அம்மாவை வரச் சொல்லியிருந்தோம். மில் வேலைக்குப் போகிறவர். ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியபடியே வந்தார். அவருக்குச் சொல்ல ஒரு நீளமான பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு இடமே இல்லாமல் போயிற்று. அவர் என் மணிக்கட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒங்களக் கடிச்சது தப்புதான் சார். ஆனா கடிக்கச் சொல்லிக் குடுத்தது நாந்தான்."

வீட்டில் அவருடைய கொழுந்தன்மார் பிள்ளைகளும் சேர்ந்து எல்லாம் பையன்கள். இவள் ஒருத்திதான் பெண், அதிலும் கடைசி. கையைப் பிடித்து முறுக்கி, இவளிடம் இருப்பதைப் பறித்துக்கொள்வதுதான் அவர்களுடைய விளையாட்டு. அழுதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில்தான் எல்லாம் நடக்கும்.

"நான் இல்லாதப்ப இவளுக்குன்னு அந்த வீட்டுல என்ன சார் இருக்கு? பல்லுதான் இருக்கு. அதான் எவனாவது கையப் பிடிச்சான்னா கடிச்சிருன்னு சொன்னேன். அதுக்குப் பொறவு கொஞ்சம் பயப்படுதானுவ."

ஒரு சின்னப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே ஆயுதத்தைப் பிடுங்குவதென்றால், பதிலுக்கு அவள் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்க அப்போது என்னிடம் எதுவும் இல்லை. கொஞ்ச நாள் பொறுங்கள், வேறு ஒன்று சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

பயிற்சியில் சொன்னதையும் எனக்குத் தோன்றியதையும் கலந்து ஒரு பாடம் செய்தேன். யாராவது பிடிக்காததைச் செய்தால், உள்ளங்கையை முன்னால் காட்டி, "எனக்குப் பிடிக்கல" என்று கேட்கும்படி சொல்ல வேண்டும். சொல்வது பாதிப் பாடம்தான். மற்றப் பாதி எதிரில் இருப்பவருக்கு. சொன்ன உடனே அவர் நிறுத்திவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேள்வி கேட்கக் கூடாது. இது எனக்கும் பொருந்தும் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாக்குறுதியை மறுநாளே சோதித்துவிட்டார்கள். இரண்டாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னபோது, முன்வரிசையில் ஒரு பெண் உள்ளங்கையைக் காட்டி, வாய்ப்பாடு தனக்குப் பிடிக்கவில்லை என்றாள். அடுத்த நொடி வகுப்பு முழுக்க உள்ளங்கைகள் எழுந்தன. நம்மைத் தொடுவது, இழுப்பது, நம் பொருளைப் பறிப்பது, பட்டப்பேர் வைப்பது இதற்கெல்லாம்தான் இந்தச் சொல் செல்லும், வாய்ப்பாட்டுக்குச் செல்லாது என்று விளக்க வேண்டியதாயிற்று. அரை மனதோடு ஒப்புக்கொண்டார்கள். "ஏமாத்தமா இருக்கு சார்" என்றாள் அந்தப் பெண்.

சொல்வதைவிட நிறுத்துவதுதான் கஷ்டமான பாதி என்று போகப்போகத் தெரிந்தது. சடை இழுத்த பையனுக்கு அது வரவே இல்லை. அவன் கை அவனைக் கேட்காமலே போகும். அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து என் பேனாவை எடுக்கச் சொல்வேன். அவன் கை நீளும்போது எனக்குப் பிடிக்கல என்பேன். அவன் நிறுத்த வேண்டும். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் இந்தப் பயிற்சி நடந்தது. ஒரு கட்டத்தில் கை பேனாவுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. அவன் பெருமூச்சு விட்டான்.

"கை நிக்கி சார். மனசுதான் நிக்க மாட்டேங்கு."

இப்போதைக்குக் கை நின்றால் போதும், மனசு மெதுவாக வரட்டும் என்றேன்.

அந்தச் சின்னவள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். யாரோடும் ஜோடி சேரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு காலையில் அது நடந்தது. அந்தப் பையன் வழக்கம்போல அவளுடைய அழிரப்பரை எடுக்கக் கையை நீட்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் பதறி நகர்ந்தார்கள். அவள் வாய் திறந்தது. எனக்கு மணிக்கட்டு தானாகக் கூசியது. ஆனால் அவள் குனியவில்லை. திறந்த வாயிலிருந்து, காற்றோடு காற்றாக, "பிடிக்கல" என்று ஒரு சொல் வந்தது. முன்பல் இல்லாததால் ஒரு சின்னச் சீழ்க்கையும் சேர்ந்து வந்தது.

பையன் கை அப்படியே நின்றது. அவன் எழுந்து குதித்து, "சார், நிப்பாட்டிட்டேன் சார்" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான். வகுப்பே கை தட்டியது. பாராட்டு முழுவதையும் அவனே வாங்கிக்கொண்டான். அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் இன்னொருவன் கையை நிறுத்திவிட்டதை நம்ப முடியாமல், அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். ஒரேயடியாகக் கடிப்பதை விட்டுவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் சொல்லிப் பார்த்தாள். சொன்னது கேட்கப்படும்போது அவளுக்கு முகமே மாறும். பக்கத்து இடங்கள் மெல்ல நிரம்பின. நன்றாக வாசிக்கவும் செய்தாள் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

சில வாரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்க்க வந்தார். எங்கள் தலைமை ஆசிரியை நல்லவர்தான். ஆனால் அதிகாரி வருகிறார் என்றால் அவருக்குக் கை ஓடாது, கால் ஓடாது. காலையிலிருந்தே முற்றத்தைப் பலமுறை பெருக்க வைத்தார். வந்தவர் பெரிய உருவம், கலகலப்பான மனிதர். பிள்ளைகளைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவது அவருடைய வழக்கம் என்பது ஒன்றாம் வகுப்பை அவர் தாண்டி வருவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

எங்கள் வகுப்பில் யாராவது வாசித்துக் காட்டுங்கள் என்றார். நான் எதிர்பார்க்கவில்லை, அந்தச் சின்னவள் எழுந்து நின்றாள். பாடத்தைச் சீழ்க்கையோடு, தடங்கல் இல்லாமல் வாசித்தாள். அதிகாரிக்கு அவ்வளவு சந்தோஷம். சபாஷ் என்று குனிந்து, அவள் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார்.

அந்த விரல்கள் அவள் வாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர. நான் ஓர் அடி முன்னால் வைத்துவிட்டு நின்றுவிட்டேன். அவள் உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். பிறகு ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்து, உள்ளங்கையை உயர்த்தினாள்.

"எனக்குப் பிடிக்கல. கன்னத்தத் தொடாதீங்க."

சொல்லோடு சீழ்க்கையும் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி சரியாகக் காதில் விழாதவர்போல என்ன தாயி சொன்ன என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், சடை இழுக்கும் பையன் எழுந்துவிட்டான். அவன் குரலில் உண்மையான அக்கறை இருந்தது.

"சார், அவ சொன்னா நிப்பாட்டிரணும் சார். இல்லன்னா கடிச்சிருவா."

தலைமை ஆசிரியை சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி தன் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், என் மணிக்கட்டில் மிச்சமிருந்த தடத்தைக்கூடப் பார்த்ததாக எனக்கு ஞாபகம். அவர் முகம் ஒரு கணம் சிவந்தது. இதோ கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, சிரமப்பட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"சரி தாயி, தொடல. எம் மவ சின்னதுல நான் கன்னத்தக் கிள்ளுனா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா. ஒருநாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. நீ சொல்லிட்ட." பிறகு கேட்டார், "நல்லா வாசிச்சதுக்குக் கை குடுக்கலாமா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை. அது அவள் முடிவு செய்ய வேண்டியது. கொஞ்சம் யோசித்தாள்.

"கை பரவால்ல" என்று சொல்லி, கையை நீட்டினாள்.

அவர் போன பிறகு தலைமை ஆசிரியை நாற்காலியில் சாய்ந்து, ஒரு செம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடங்கவே வெகு நேரம் ஆயிற்று. அந்தப் பாடத்தை மற்ற வகுப்புகளுக்கும் எடுங்கள் சார், அஞ்சாம் வகுப்புக்கு ரொம்ப அவசரம் என்றார்.

செய்தி ஊருக்குள் போய்விட்டது. இரண்டு நாளில் அவளுடைய அம்மா வந்தார். இந்த முறை யாரும் கூப்பிடவில்லை. அதிகாரி நிஜமாகவே கையை எடுத்துக்கொண்டாரா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகுதான் வந்த விஷயத்துக்கு வந்தார்.

"அப்போ இனிமே கடிக்க வேணாம்னு சொல்லிரட்டுமா சார்?"

நான் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். முதலில் வாயால் சொல்லட்டும். கேட்கவில்லை என்றால் ஓடிவந்து பெரியவர்களிடம் சொல்லட்டும். பக்கத்தில் யாருமே இல்லை, எதிராளி விடவும் மாட்டேன் என்கிறான் என்றால், அப்போது கடிக்கட்டும் என்றேன். கடைசி வரி பயிற்சியில் சொல்லித் தராதது. அவருக்கு அதில்தான் நம்பிக்கை வந்தது. வீட்டுப் பையன்கள் எல்லோரையும் உட்காரவைத்து, இவள் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று தானே பாடம் நடத்தியதாகப் பிறகு ஒருநாள் சொன்னார். சின்னவர்கள் கேட்டுக்கொண்டார்களாம். மூத்தவன் கேலி செய்தானாம். அவனுக்கு மட்டும் ஒரே ஒரு தடவை மூன்றாவது வழியைக் காட்ட வேண்டி வந்ததாம்.

ஆண்டு முடிந்தது. அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். இரண்டாம் வகுப்பு டீச்சர் குழந்தையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். விடுப்பு முடிந்து அவர் வேலைக்குத் திரும்பியதும், நான் மறுபடி கணக்குக்குப் போகலாம் என்றார் தலைமை ஆசிரியை. ஒன்றாம் வகுப்புக்கு ஆள் இல்லையென்று கேள்விப்பட்டேன், அங்கே போகட்டுமா என்று நானே கேட்டேன். எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஜூலையில் என் மகளைக் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம். அடுத்த நாள் வழக்கம்போலப் பள்ளிக்குப் போய், சாயங்காலம் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினேன். அந்தச் சின்னவளும் அவள் அம்மாவும் ஏதோ துணி எடுக்க அதே பஸ்ஸில் வந்தார்கள். ஜன்னலோரம் அவள், நடுவில் அவள் அம்மா, ஓரத்தில் நான். நலமா என்று அம்மா கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். அவள் எட்டி என் முகத்தைப் பார்த்தாள்.

"சார், அப்பிடிச் சொல்லக் கூடாதுல்லா? நெசமாவே எப்படி இருக்கு?"

இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. மகள் தூரத்து ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள், வீட்டுக்குப் போனால் இருக்கமாட்டாள், அதனால் வருத்தமாக இருக்கிறது என்றேன். பிள்ளைகளிடம் சொல்வதுபோல அல்ல, உள்ளபடியே சொன்னேன். அவள் எழுந்து, அம்மாவின் மடியைத் தாண்டி வந்து நின்றாள்.

"நீங்க ஜன்னல் பக்கம் உக்காருங்க சார். காத்து வரும்."

நான் இடம் மாறி உட்கார்ந்தேன். வயல்களுக்கு மேலே மலை தெரிந்தது. காற்று நன்றாகத்தான் வந்தது.